ஐந்து மணி பஸ் வரும்வரை

இது யாரும் கட்டிச் சொன்ன கதை இல்லை. சுருளிப்பட்டி பவுனு தன் வாயால் நாலு பேரிடம் சொன்னது. நாலு பேரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருக்கிறவர்கள், இதைப் பகலில் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம்.

தேனிக்கு ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பவுனுக்குத் தலைப்பிரசவம் உசிலம்பட்டியில், தாய் வீட்டில். பெண் குழந்தை. மாயக்காள் என்று பேர் வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும், இருவரையும் சுருளிப்பட்டிக்குக் கூட்டிப்போக அவள் புருஷன் கருத்தக்கண்ணன் வந்தான். சித்திரை மாதம். வெயில் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

ரயில் தாமதம். தேனியில் இறங்கும்போது மணி பத்து. சுருளிப்பட்டிக்குப் பக்கத்து ஊரான கம்பம் வரை போகிற காலை பஸ் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த பஸ் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான்.

பவுனுக்கு அழுகையே வந்துவிட்டது. கருத்தக்கண்ணனுக்கு உள்ளூரச் சந்தோஷம். அன்றைக்குத் தேனியில் சந்தை.

"இங்கனயே ஒக்காந்து வெயிலையா எண்ணப் போறோம்? நம்ம செவலைக்கு ஒரு சோடி பாக்கணும்ல. மாட்டுத் தாவணி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். நீ புள்ளையத் தூங்க வச்சு, நீயும் செத்த நேரம் கண்ண மூடு. பொழுது ஓடிப்போயிரும்."

"சீக்கிரம் வாங்க" என்றாள் பவுனு.

ஸ்டேஷன் வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் பணியாரம் விற்கும் பஞ்சம்மாள் அடுப்போடு உட்கார்ந்திருந்தாள். கருத்தக்கண்ணன் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

நிழல் பேருக்குத்தான் நிழல். அனல் காற்று அடித்தது. குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பால் கொடுத்தும் அழுகை நிற்கவில்லை. தோளில் போட்டுத் தட்டினாள். மடியில் போட்டு ஆட்டினாள். மரத்தில் தொட்டில் கட்டலாம் என்றால், கைக்கு எட்டுகிற கிளை ஒன்றுகூட இல்லை.

"கம்பம் பஸ்ஸுக்கா நிக்கிற?"

பவுனு நிமிர்ந்தாள். முப்பது வயசு இருக்கும், ஒரு பெண். கண்டாங்கிச் சேலை. களையான முகம். அந்த வெயிலில் நடந்து வந்தவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"ஆமாக்கா. அஞ்சு மணிக்குத்தேன் வருமாம்."

"நானும் கம்பத்துக்குத்தேன். வண்டிக்குத்தேன் காத்துக் கெடக்கேன்."

"நீங்க எப்ப வந்தீக?"

"நாளாச்சு."

நேரமாச்சு என்று சொல்ல வந்தவள் வாய் தவறிச் சொல்கிறாள் என்று பவுனு நினைத்துக்கொண்டாள்.

"பின்னால தோப்புக்குள்ள வீடு இருக்கு. குளுகுளுன்னு இருக்கும். தொட்டி கட்டியிருக்கு. புள்ள தூங்கட்டும், வா ஆத்தா."

குழந்தையை நினைத்துத்தான் பவுனு எழுந்தாள். "பெட்டியப் பாத்துக்கங்க பெரியாத்தா, நாங்க இந்தா வந்துர்றோம்" என்று பஞ்சம்மாளிடம் சொன்னாள். பஞ்சம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

தண்டவாளத்தைத் தாண்டினால் புளியந்தோப்பு. உள்ளே போகப் போகச் சத்தம் குறைந்தது. சந்தை இரைச்சல் நின்றது. காக்கை இல்லை. அணில் இல்லை. காலடியில் சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் பவுனின் காலடியில் மட்டும்...

முன்னால் போகிறவள் மெதுவாக நடக்கிறாள் போல, என்று நினைத்தாள்.

வீடு இருந்தது. மண் சுவர், தாழ்ந்த கூரை. உள்ளே இருட்டு. ஆனால் உண்மையிலேயே குளிர்ச்சி. மூலையில் அடுப்பின் மேல் சோறு தளதளவென்று கொதிக்கிற சத்தம். பவுனு எதேச்சையாக அந்தப் பக்கம் பார்த்தாள். அடுப்பில் தீ இல்லை. புகையும் இல்லை.

நடு விட்டத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

"காத்துக்கு ஆடுது. போடு" என்றாள் அந்தப் பெண்.

பவுனு குழந்தையைப் போட்டாள். அழுகை சட்டென்று நின்றது. அந்தப் பெண் தொட்டிலைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். மெல்லிய குரலில் தாலாட்டு.

"மாயக்கா... எங்கண்ணு மாயக்கா..."

பேர் நல்லாத்தான் பொருந்துகிறது, என்று பவுனுக்குத் தூக்கக் கலக்கத்தில் தோன்றியது. தரை ஜில்லென்று இருந்தது. படுத்தாள். கண்கள் செருகும்போதுதான் அது உறைத்தது.

பிள்ளையின் பேரை அந்தப் பெண்ணிடம் பவுனு சொல்லவே இல்லை.

எழ நினைத்தாள். உடம்பு எழவில்லை. தூங்கிப்போனாள்.

க்ரீச்... க்ரீச்...

தொட்டில் கயிற்றின் சத்தத்தில்தான் விழித்தாள். வீட்டுக்குள் கும்மிருட்டு. வெளியே பட்டப்பகல் என்று மனசுக்குத் தெரிகிறது. வாசல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணைக் காணோம். தாலாட்டும் இல்லை. தொட்டில் மட்டும் ஆடுகிறது. க்ரீச்... க்ரீச்...

குழந்தை வீறிட்டது.

"இந்தா வந்துட்டேன், கண்ணு..."

கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். அப்போது இன்னொரு குழந்தை அழுதது.

பவுனு அப்படியே நின்றுவிட்டாள்.

அதே தொட்டிலுக்குள்தான். ஒரு அழுகை நிற்கும் முன் இன்னொரு அழுகை தொடங்குகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து... ஒரே குரலில்.

"அக்கா!" என்று கூப்பிட்டாள்.

தொட்டில் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"அக்கா... ஒங்க புள்ளையும் தொட்டியிலயா கெடக்கு?"

காதுக்குப் பக்கத்தில் மூச்சுப் பட்டது. ஈர மண் மூச்சு.

"ரெண்டும் ஒண்ணுதேன் ஆத்தா. ஒண்ண எடுத்துக்க."

பவுனு திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டாள். ஒரு சின்ன உடம்பு. வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொரு கையை விட்டாள். அங்கேயும் ஒரு உடம்பு. அதுவும் வெதுவெதுப்புத்தான். இரண்டின் இடுப்பிலும் வெள்ளி அரைஞாண் தட்டுப்பட்டது. இரண்டும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டன.

"மாயக்கா!" என்று கத்தினாள்.

இரண்டு அழுகையும் ஒன்றாக நின்றன.

யோசிக்க நேரம் இல்லை. வலது கையில் இருந்ததை வாரி நெஞ்சோடு அணைத்தாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடினாள். சுவரில் தோள் இடித்தது. முழங்கால் சிராய்த்தது.

வெளிச்சம்.

பின்னால், தொட்டிலில் கிடந்தது அழ ஆரம்பித்தது...

ஓடினாள்.

அது அழுதுகொண்டே இருந்தது.

கருத்தக்கண்ணன் மாட்டு விலை படியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, பவுனு வேப்பமரத்தடியில் நடுங்கிக்கொண்டு இருந்தாள். பஞ்சம்மாள் அவள் முகத்தில் தண்ணீர் அடித்திருந்தாள்.

"அந்த அக்காவ நீங்களும் பாத்தீகல்ல, பெரியாத்தா?"

"எந்த அக்கா? நீ ஒத்தையாத்தேன் பேசிக்கிட்டிருந்த. புள்ளையக் கொஞ்சுறன்னு நெனச்சேன். 'நாங்க வந்துர்றோம்'ன்னு சொல்லவும்தான் எனக்கு என்னமோ போல இருந்துச்சு."

விவரத்தை எல்லாம் கேட்டதும் பஞ்சம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ரயில் வருவதற்கு முன்னால், பிளேக் பரவிய வருசம், அந்தத் தோப்புக்குள் ஒரு சாவடி இருந்ததாம். கைப்பிள்ளையோடு ஒருத்தி கம்பம் போக வண்டி கேட்டு அங்கே தங்கியிருக்கிறாள். பிள்ளைக்குக் கட்டி கிளம்பியிருந்தது. எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. பிள்ளை செத்துப்போனது. அவள் நம்பவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"புள்ளையத்தேன் எடுத்துப் பொதைச்சாக. அவ என்ன ஆனான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. சாவடியும் இடிஞ்சுபோச்சு. அங்கன இப்ப வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கருத்தக்கண்ணன் குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். அதே சட்டை. அதே வேர்க்குரு. அவனைப் பார்த்துச் சிரித்தது.

"நம்ம புள்ளதேன், பவுனு. பாரு, அப்படியே ஒன் மூக்கு."

பால் கொடுத்தாள். குடித்தது. பவுனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஐந்து மணி பஸ் வந்தது. ஏறினார்கள்.

ஆடி மாதம் பவுனின் அக்கா கஸ்தூரியம்மாள் உசிலம்பட்டியிலிருந்து வந்தாள். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்தவள், கையை நிறுத்தினாள்.

"ஏண்டி, இவளுக்கு அம்மை குத்துனது இடது கையில்ல? நான்தானே மடியில வச்சுப் பிடிச்சிருந்தேன்."

தழும்பு வலது கையில் இருந்தது.

பவுனு எண்ணெய்ப் பிசுக்கோடு குழந்தையை வாங்கி இறுக்கிக்கொண்டாள். அன்று முழுக்க யாரிடமும் கொடுக்கவில்லை.

அடுத்த சந்தைக்குக் கருத்தக்கண்ணன் தேனிக்குப் போனான். உச்சிவெயிலில் தோப்புக்குள் தனியாகப் போய்ப் பார்த்தான். புளியமரங்களும், கரைந்துபோன ஒரு மண்மேடும்தான் இருந்தன. திரும்பி வந்து பஞ்சம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"ஒண்ணையும் காணோமே, பெரியாத்தா."

பஞ்சம்மாள் சட்டியில் மாவை ஊற்றினாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"எங்க ஆளுக உச்சிப்பொழுதுல அந்தப் பக்கம் போகமாட்டாக. முன்னாடியெல்லாம் அங்கன தாலாட்டுச் சத்தம் மட்டுந்தேன் கேக்கும். நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து... புள்ள அழுகுற சத்தமும் கேக்குது."