பாப்பா தலையில் இரண்டாவது கோட்

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டபுள்கோட் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு. ஒரு கோட் அடித்தால் போதும் என்று வீட்டுச் சொந்தக்காரர்களே கெஞ்சினாலும் ஏணியை விட்டு இறங்கமாட்டார். "ஒண்ணோட விட்டுட்டுப் போனா நாளைக்கு அந்தச் செவுரு என்னப் பாத்து சிரிக்கும் சார்" என்பார். பீரோவுக்குப் பின்னால், யாரும் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில்கூட இரண்டு கோட்தான்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்படிப்பட்ட ஆளைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்? முப்பத்தெட்டு வருஷம் கூடவே குப்பை கொட்டியவள் நான்தான் எழுத வேண்டும். அதுவும் என் லட்சணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தாள். மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். அவ்வளவுதான் எங்கள் வீடு. எனக்கோ மூக்குமேல் கோபம், குழந்தை வந்தபிறகு அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் அவர் படியேறும் சத்தம் கேட்டாலே ஆரம்பித்துவிடுவேன். "அங்கயே நில்லுங்க. மொதல்ல குளிங்க!" புருவத்தில் சுண்ணாம்புத் துளியோடு மனுஷன் வாசலிலேயே நிற்பார். குளித்துவிட்டு வந்தால் நாய் மாதிரி மோந்து பார்ப்பேன். "இன்னும் பெயின்ட்ல கலக்கற தின்னர் வாடை அடிக்குது. அந்தக் கையால தொட்டா பிள்ள தோலு உரிஞ்சிடும்."

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக் கண்ணாடிக்குள் பொம்மை பார்ப்பவர் போலத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பார். "மூக்கு ஒன்ன மாதிரியே இருக்கு" என்பார். "பாத்தாச்சில்ல, போங்க, தூங்கட்டும்" என்பேன். ரொம்பப் பொறுப்பான அம்மா என்று எனக்கு நினைப்பு. இப்போது யோசித்தால் என் வாயிலேயே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

இரண்டாவது மாதம் பாப்பாவின் தலையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. உச்சியில் ஆரம்பித்து நெற்றிவரை எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் செதிலாக வந்தது. கீழ்வீட்டு அக்கா ஒருநாள் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டறதே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாள் தவறாமல் குளிப்பாட்டுகிறேன், என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? அந்தக் கோபத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினேன். காய்ந்த பொருக்கு முடியோடு பெயர்ந்து வந்தது. அடியில் ரத்தம் துளிர்த்தது. பாப்பா வீல் என்று கத்தினாள் பாருங்கள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதன்பிறகு அவள் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோகவே எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டபடியே குனிந்து பார்த்தார்.

"காஞ்சதையா சுரண்டின?"

"ஆமா."

"காஞ்ச பொருக்க சுரண்டினா செவுரும் சேந்துல்ல பேந்து வரும்? மொதல்ல ஊற விடணும்."

"இது செவுரு இல்ல, உங்க பொண்ணு!"

"அதனாலதான் இன்னும் மெதுவா ஊற விடணும்ங்கறேன்."

வேறு சமயமாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இனி அந்தத் தலையைத் தொட எனக்குத் துணிச்சல் இல்லாததால் சரி என்றேன். மறுநாள் புதிதாக ஒரு மெல்லிய பிரஷ் வாங்கிவந்து, சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தார். இரண்டு தடவை குளித்தார். நகத்தை ஒட்ட வெட்டினார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பாவை அவர் மடியில் விட்டேன். பிறந்து இரண்டரை மாதம் கழித்து அன்றுதான் அவள் அப்பா மடியில் படுத்தாள்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய். பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுத் தடவினார். நான் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தேன். குழந்தை கண் சொக்கிக் கிடந்தது. அவர் மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை.

மறுநாளும் எண்ணெய். அதற்கு மறுநாளும் எண்ணெய். குளிப்பாட்டும்போது நான் பயந்துகொண்டு தலையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் கழுவினேன். அவரும் தலையைக் கழுவச் சொல்லவில்லை. "மொத கோட்டு உள்ள எறங்கியிருக்கும். இது ரெண்டாவது" என்று அவர் பாட்டுக்குப் பூசிக்கொண்டே போனார். நான்காம் நாள் பார்த்தால், பொருக்கு போவதாவது! முன்பைவிடத் தடித்து, தூசியெல்லாம் ஒட்டி, தலைக்குத் தொப்பி போட்டதுபோல் இருந்தது.

"பிள்ள தலைக்குமா டபுள்கோட்டு? கொடுங்க இங்க! இனிமே இவள நீங்க தொடவே கூடாது" என்று கத்தினேன்.

அவர் பாப்பாவைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அந்த முகத்தைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை.

அந்த வாரமே தடுப்பூசி போடும் நாள் வந்தது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவரும் கிளினிக்குக்கு வந்தார். வந்து கதவோரமாகவே நின்றார். நர்ஸம்மா தலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அழுக்கு இல்லம்மா இது. நெறைய பிள்ளைங்களுக்கு வரும், நாளாவட்டத்துல தானா போயிடும். எண்ணெய் வெச்சா பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஊறட்டும். மெத்துனு ஒரு பிரஷால நீவி விடுங்க. அப்புறம் குழந்தை ஷாம்பு போட்டு எண்ணெய் சுத்தமா போற மாதிரி கழுவிடணும். கழுவாம விட்டா அதுவே படிஞ்சு ஒட்டிக்கும். நகம் மட்டும் வெக்கவே வெக்காதீங்க." பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "யாரு செய்யப் போறீங்க?" என்றார்.

நான் என் கையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "அவரே செய்யட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை சாயங்காலத்தில் எங்கள் அறையில் அந்தக் கச்சேரி நடந்தது. எண்ணெய் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். பிறகு வட்டம் வட்டமாக நீவுவார். நன்றாக ஊறிய செதில்கள் பிரஷில் ஒட்டிக்கொண்டு வரும், ஊறாததை விட்டுவிடுவார். "ஓனரம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, ஓரம் விட்டுப்போச்சு" என்று குழந்தையிடம் கும்பிடு போடுவார். அவள் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். பிறகு முழங்கையால் வெந்நீரின் சூடு பார்த்து, நுரை போகக் கழுவித் துவட்டுவார். அந்த ஷாம்பு வாசனையும் அவர்கள் இரண்டு பேரின் சிரிப்புச் சத்தமும் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்கிப்போகிறேன்.

மூன்று வாரத்தில் பொருக்கு போய்விட்டது. பகல் வெளிச்சத்தில் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன், மருந்துக்குக்கூட ஒரு செதில் இல்லை. சாயங்காலம் அவர் வழக்கம்போலக் குளித்துவிட்டு, கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார்.

"அதான் சுத்தமாயிடுச்சே, இன்னும் என்ன?" என்றேன்.

"இல்ல... காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு இருக்கு."

காதை மடக்கிப் பார்த்தேன். இல்லை. அந்தக் காதையும் பார்த்தேன். அங்கேயும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மனுஷன் திருட்டு முழி முழிக்கிறார். சுவரில் பிரஷ் முடி ஒன்று ஒட்டியிருந்தால்கூட வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுத் தானே காட்டிக்கொடுக்கிற ஆள். வாய் கூசாமல் பொய் சொல்கிறார்! பொருக்கு போனதோடு பிள்ளை தன் மடியில் படுப்பதும் முடிந்தது என்று நினைத்திருக்கிறார். பெற்ற பிள்ளையைத் தூக்குவதற்கு ஒரு சாக்குத் தேடும்படி அவரை வைத்திருந்தவள் நான்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. குழந்தையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"என்கிட்ட எதுக்குத் தர்றீங்க? எண்ணெய்தான் வேணாம்னேன். பிள்ளைய வெச்சுக்கங்க."

"பொட்டு..."

"பொட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா வெச்சுக்கங்க."

அவர் பாப்பாவை மெல்ல நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அவள் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தபடி, "எவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

  சமையலறைக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.