அது பெரிடாட் இல்லைங்க

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து வெளிநாட்டுப் பயணிகள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். இறம்பொடைக்குச் சற்றுக் கீழே, கண்டி வீதியோரம் சுற்றுலா பஸ்கள் நிற்கும் ஓர் இரத்தினக்கல் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கண்டியில் சனி ஞாயிறுகளில் இரத்தினக்கல் பரிசோதனை படித்து முடித்திருந்தேன். படித்ததற்கே வேலை கிடைத்த சந்தோஷத்தில் பஸ் தூரம் பெரிதாகத் தெரியவில்லை.

நேர்முகத்தில் முதலாளி என் சான்றிதழை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “எஸ்டேட் புள்ளயா? ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார். என்ன நல்லது என்று எனக்குப் புரியவில்லை. முதல் நாள் காலையில் புரிந்தது. கடை வாசலில் ஒரு புதுக் கூடை, ஒரு சிவப்புச் சேலை, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணி, எல்லாம் தயாராக இருந்தன.

“பஸ் வந்தா வாசல்ல நில்லு. கூடய தலயில மாட்டிக்க. போட்டோ எடுத்துட்டு அப்படியே உள்ளுக்கு வருவாங்க. உனக்கு இது என்னா புதுசா?”

“புதுசுதாங்க மொதலாளி,” என்றேன். “நான் ஒரு நாளும் கொழுந்து எடுத்ததில்ல. எங்கம்மா எடுக்குறாங்க. மழயில, அட்டக் கடியில நின்னு எடுக்குறாங்க. அவுங்களுக்கு அது வேல. நான் கட்டிக்கிட்டு நின்னா அது வேசம். நான் நிக்கமாட்டேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். மேசையிலிருந்த கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தாரே தவிர, அவற்றைத் தொடத் தெரிந்தவர் கடையில் யாரும் இல்லை.

கூடையும் சேலையும் வாசலிலேயே கிடந்தன. பிறகு வந்த பயணிகள் தாங்களே அவற்றை மாட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அந்தக் கல் வந்தது மழைக்காலம் முடிந்த பிறகு. ஆற்றுச் சரளையில் எடுத்த பழுப்புக் கற்கள் பட்டை தீட்டப்பட்டு ஒரு சின்னப் பொட்டலமாக வந்தன. முதலாளி அவற்றை ஒரு தட்டில் பரப்பி, ‘பிரவுன் பெரிடாட்’ என்று சீட்டு எழுதி வைக்கச் சொன்னார். பெரிடாட் என்ற இரத்தினக்கல் பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். பழுப்பு மிக அபூர்வம். எழுதுவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று பெரியதாக ஒன்றை எடுத்தேன். சாயம் தூக்கலாக விழுந்த வெறும் தேநீரின் நிறம். லென்ஸ் வழியாக உள்ளே பார்த்தால் அடிப்பக்கத்துப் பட்டைகளின் ஓரங்கள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கல்லுக்குள் நுழைகிற ஒளி இரண்டாகப் பிரிந்து இரண்டு வழியில் போவதால் அப்படித் தெரியும். பெரிடாட்டும் அதையேதான் செய்யும். ஆகவே அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் கருவியின் கண்ணாடியில், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் கல்லை வைத்தேன். இரண்டு நிழற்கோடுகள் விழுந்தன. எண்கள் பெரிடாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். அளவில் பிழையாக இருக்கலாம் என்று கல்லை மெல்லச் சுழற்றினேன். சிறிய எண் காட்டிய கோடு நெடுந்தூரம் நகர்ந்தது. பெரிய எண் காட்டிய கோடு அசைந்ததே தெரியவில்லை. பெரிடாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நகரும்.

பிறகு தராசு. கல்லைக் காற்றில் ஒரு முறை, தண்ணீருக்குள் ஒரு முறை நிறுத்தால், அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்துவிடும். பெரிடாட் என்றால் மூன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். இது ஏறக்குறைய மூன்றரை மடங்கு காட்டியது. கடைசியாக நிறமாலைக் கருவியை எடுத்து, கல்லைக் கடந்து வரும் வெளிச்சத்தைப் பார்த்தேன். நீலப் பகுதியில் நான்கு கறுப்புப் பட்டைகள் நின்றன. பெரிடாட்டில் மூன்றுதான் இருக்கும்.

சின்ஹலைட். வகுப்பில் ஒரே ஒரு பக்கத்தில் வந்துபோன பெயர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் உலகத்தில் எல்லாரும் அதைப் பழுப்புப் பெரிடாட் என்றே நினைத்திருந்தார்கள். எக்ஸ்-கதிர் விட்டுப் பார்த்தபோதுதான் அது வேறு கனிமம் என்று தெரிந்தது. பெரிடாட்டில் சிலிக்கா இருக்கிறது. இதில் துளியும் இல்லை. மக்னீசியம், அலுமினியம், போரான், ஒட்சிசன், அவ்வளவுதான். பழுப்பு நிறம் இரும்பு கொஞ்சம் கலந்ததால் வருவது. கத்தி நுனியால் கீற முடியாது, ஆனால் மாணிக்கத்தின் பக்கத்தில் போட்டு வைத்தால் கீறல் விழும். முதலில் இந்தத் தீவில் கிடைத்ததால் சின்ஹல என்ற தீவின் பழைய பெயரை அதற்கு வைத்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதுதான் தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அதுல அப்படி என்னாதான் இருக்கு?”

“மக்னீசியம்மா. தேயில மலைக்குப் போடுறீங்களே டொலமைட்டுத் தூளு, அதுல இருக்கே, அது. பொறவு அலுமினியம், நம்ம சட்டி. போரான் வந்து, கேரம் போட்டுல வழுக்குறதுக்குத் தூவுவாங்கல்ல வெள்ளத் தூளு, அதுல இருக்குறது.”

“சட்டியும் கேரம் தூளும் சேந்தா கல்லா? இதுக்கா இம்புட்டுச் சிரிப்பு மூஞ்சில?”

“ஆமாம்மா. இதுக்குத்தான்.”

அடுத்த நாள் முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நம்பினேன். பெரிடாட் உலகத்தில் எத்தனையோ நாட்டில் கிடைக்கிறது. இது கிடைக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரு தெரியாத கல்ல எவன் வாங்குவான்? பெரிடாட்டுன்னா சட்டுனு புரியும். பெரிடாட்டுனே எழுதி வை.”

“அது பெரிடாட் இல்லைங்களே.”

“முந்தி எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க? நீயே சொன்னியே.”

“தெரியாம சொன்னாங்க. இப்ப தெரியுதுங்களே.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “சின்ஹலைட்டாம்! தமிழ்ப் புள்ள, அதுவும் தோட்டத்துப் புள்ள, இந்தப் பேருக்காக வந்து சண்ட போடுற. உனக்கு வேற கல்லே கெடைக்கலயா?”

“பேரு நான் வைக்கலங்க மொதலாளி. உள்ளுக்கு என்னா இருக்கோ அதத்தான் சொல்றேன். அதோட பேரு நல்லூரைட்டுன்னு இருந்தாலும், நாசமாப்போன கல்லுன்னு இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவேன்.”

சீட்டை நான் எழுதவில்லை. அவரே எழுதி வைத்தார்.

அதன்பின் கொஞ்ச நாள் அந்தத் தட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நான் என் மேசையில், அது அதன் இடத்தில். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அந்தச் சீட்டு கண்ணில் குத்தும். சில்லறை விசயம், விட்டுவிடு என்று ஒரு மனது சொன்னது. எங்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த சீட்டுகளையும் அப்படித்தானே விட்டோம் என்று இன்னொரு மனது கேட்டது. அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்தால் கோபம்தான் வரும்.

இறம்பொடை அனுமார் கோவிலுக்கு வந்த ஒரு குடும்பம் ஒரு நாள் கடைக்குள் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மகளின் பிறந்தநாள் கல் பெரிடாட் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதலாளி நேராக அந்தத் தட்டை எடுத்து நீட்டினார்.

“பச்சை எல்லார்கிட்டயும் இருக்கும்மா. பிரவுன் பெரிடாட் ரொம்ப அபூர்வம்.”

அந்த அம்மா பெரிய கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல் என் பக்கம் திரும்பினார். என் மேசையில் கருவிகள் இருந்ததைப் பார்த்திருப்பார்.

“நீதானேம்மா டெஸ்ட் பண்ற பொண்ணு? நீ சொல்லு. இது பெரிடாட்தானே?”

முதலாளி என்னைப் பார்த்தார். கண்ணாலேயே ஒரு கட்டளை வந்தது.

“அது பெரிடாட் இல்லைங்க” என்றேன்.

கல்லை வாங்கித் தராசில் வைத்தேன். காற்றில் நிறுத்தேன். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தேன். போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்திலேயே ஒரு பச்சைப் பெரிடாட்டையும் அப்படியே நிறுத்துக் காட்டினேன். “ரெண்டும் வேற வேறங்க. இது சின்ஹலைட்டு. கெடைக்கிறது கஷ்டம். நல்ல கல்லு. ஆனா பெரிடாட் இல்ல.”

அவர் எல்லாவற்றையும் அக்கறையாகப் பார்த்தார். லென்ஸ் வழியாகவும் பார்த்து, “அட, கோடெல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கே!” என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அதை வாங்கிவிடுவார் என்று நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மதிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது மண்டையில் இருந்திருக்க வேண்டும்.

“ரொம்ப நன்றிம்மா,” என்றார். “ஆனா எங்களுக்குப் பெரிடாட்தான் வேணும். ஜாதகத்துக்கு.” பச்சைக் கல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

முதலாளி அன்று கடை சாத்தும் நேரம் வரை காத்திருந்தார்.

“உண்மயச் சொல்லி என்னா கிழிச்ச? அந்தம்மாவும் வாங்கல, நானும் விக்கல, ஒனக்கும் ஒண்ணுமில்ல.”

“அவுங்க கேட்டாங்க. நான் சொன்னேன்.”

“இங்க பாரு. நாளையில இருந்து மேச கெடயாது. வாசல்ல கூடயோட நிக்கிறதுன்னா வா. இல்லாட்டி வராத.”

நான் அழுவேன் என்று அவர் எதிர்பார்த்தார் போல. எனக்கு அழுகை வரவில்லை. கருவிகளைத் துடைத்தேன். திரவப் புட்டியின் மூடியை இறுக்கினேன். என் சொந்த லென்ஸை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். போகும்போது கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்தச் சீட்டை எடுத்து, பின்பக்கத்தில் ‘சின்ஹலைட்’ என்று தமிழில் எழுதி, திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அவர் கிழித்திருப்பார். கிழிக்கட்டும். கல்லை அவரால் மாற்ற முடியாது.

அம்மா என்னைத் திட்டவில்லை. “கூட தூக்கச் சொன்னானா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “அவன ஒரு நாளைக்கி எங்க மலையில வந்து தூக்கச் சொல்லு” என்றார்.

இப்போது ஹட்டன் பஜாரில், ஒரு தையல் கடைக்கு மேலே ஒரு சிறிய அறை எடுத்திருக்கிறேன். பழைய தராசு ஒன்று, ஒளிவிலகல் அளக்கும் கருவி ஒன்று, என் லென்ஸ். மாடிப்படி ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில், “சார் இல்லீங்களா?” என்று கேட்பார்கள். “சாரெல்லாம் இல்லீங்க. நான்தான். கல்லக் குடுங்க” என்பேன். ஒருசிலர் திரும்பிப் போனதுண்டு. போகிறவர்களை நான் கூப்பிடுவதில்லை.

சான்றிதழை மூன்று மொழியிலும் எழுதிக் கொடுக்கிறேன். தமிழ் முதலில். ‘தமிழில் இந்த மாதிரி யாரும் எழுதுறதில்லயே’ என்று ஒரு வியாபாரி இழுத்தார். இனிமேல் எழுதுவார்கள் என்றேன்.

போன மாதம் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். அவருடைய அப்பா கொடுத்த மஞ்சள் கல். குடும்பமே அதைப் புஷ்பராகம் என்று நம்பி வைத்திருக்கிறது. லென்ஸில் பார்த்தேன். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். ஒளி ஒரு இடத்திலும் பிரியவில்லை.

“கண்ணாடிங்கண்ணே” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “நம்ம புள்ளன்னு நம்பி வந்தா இப்படிச் சொல்றியே! கொஞ்சம் பாத்துச் சொல்லக்கூடாதா?”

“நம்ம ஆளுன்னுதாண்ணே ரெண்டு தடவ பாத்தேன். ரெண்டு தடவயும் கண்ணாடிதான்.”

கல்லைப் பிடுங்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிப் போனார். கீழே தையல் கடையில் நின்று என்னைப் பற்றி ஏதோ சத்தமாகச் சொன்னதும் கேட்டது. நான் சன்னலைச் சாத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே மறுபடி வந்தார். இந்த முறை கையில் வேறொரு கல்.

“இதயாவது நல்லா பாருங்க” என்று மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நான் தப்பு விடுகிறேனா என்று பார்த்தபடி நின்றார். நான் தராசை எடுத்தேன்.