விரலில் இருந்த கடவுச்சொல்

குடிநீர் விநியோக அலுவலகத்தின் மூன்று மாடிகளிலும் அவருக்குச் சாவிக்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆரம்பத்தில் அவர் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய், வால்வு, ரப்பர் வாஷர், ஒரே ஒரு பல்பு, பேச்சுத் துணைக்கு எலிகள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. மாட்ட வந்த இன்ஜினியர், "அட்மின் பாஸ்வேர்டை யார்கிட்ட குடுக்கறது?" என்று கேட்டார். அப்போதைய மேலாளருக்கு அட்மினும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. ஏதோ சாவி சமாசாரம் என்று மட்டும் புரிந்தது. "சாவியெல்லாம் அவர்கிட்டதான்" என்று கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பதவி என்பது இப்படித்தான் வரும் போலிருக்கிறது. இன்ஜினியர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டுக் கொளுத்தினார் நம் ஆள். மனைவி, "என்னங்க அது?" என்று கேட்டதற்கு, "ரகசியம்" என்றார். கல்யாணமாகி அதுவரை அந்தம்மாளிடம் அவர் மறைக்கிற அளவுக்கு ஒன்றும் இருந்ததில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரில் எதை ஏற்றினாலும், பாதியில் திரை மங்கி நடுவே ஒரு பெட்டி வந்து நிற்கும். இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யப்போகிறது, அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். அனுமதிப்பதென்றால் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். உடனே, "சாவிக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். அவர் மெதுவாக வருவார். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். இது அவர் போட்ட சட்டம். இடது கையால் ஒரு ஃபைல் அட்டையைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். மூன்று மாடியிலும் பெரிய அதிகாரிகள் உட்பட எல்லோரும் இதற்கு மரியாதையாகத் திரும்பி நின்றார்கள். மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வருடம் புதிதாக ஒரு பெண் மேலாளர் வந்தார். பேச்சு கறாராக இருக்கும். முதல் வாரமே கேட்டுவிட்டார். "பாஸ்வேர்டு போடறதுக்குன்னு தனியா ஒரு ஆளா? தலைமையகத்துல இருந்தே போட்டுடலாம்னு சொல்றாங்களே."

சாவிக்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். "மேடம், பன்னெண்டு வருஷமா நான்தான்..."

"பாக்கலாம். புதுப் புகார்ப் பதிவு புரோகிராம் வருது. முப்பத்தாறு மெஷின்ல, வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள ஏத்திடணும். முடியலேன்னா தலைமையகம் பாத்துக்கும். நீங்க ஸ்டோர் ரூமையே பாத்துக்கங்க."

ஒரே பல்பும் எலிகளும் கண்முன்னே வந்து நின்றன. புதன்கிழமை அந்த ஸ்டோர் ரூமிலேயே, பதற்றத்தில், இரும்பு பீரோவின் கதவை அறைந்து சாத்தினார். வலது ஆள்காட்டி விரல் உள்ளே இருந்தது. டாக்டர் விரலுக்குத் தகடு வைத்து உள்ளங்கை வரை கட்டுப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் மனைவி, "லீவு போடுங்களேன்" என்றார்.

"நான் போகலேன்னா ஆபீஸே நின்னுடும்."

"நிக்கட்டுமே. ஒரு நாள் தண்ணி வராட்டி செத்தா போயிடுவாங்க" என்றபடி அந்தம்மாள் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

முதல் கம்ப்யூட்டர் இரண்டாம் மாடியில் தபால் பிரிவு அக்காவுடையது. திரை மங்கியது, பெட்டி வந்தது. அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவிக்காரர் உட்கார்ந்தார். ஃபைல் அட்டையைக் கட்டுப் போட்ட கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கினார். அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. கடவுச்சொல் என்னவென்று அவருக்குத் தெரியாது.

சீட்டை எரித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தினமும் குத்திக் குத்தி, சொல் தலையிலிருந்து இறங்கி விரலுக்குப் போய்விட்டது. தலைக்கு அந்த வேலையே இல்லை. இப்போது விரல் கட்டுக்குள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது விரலை அனுப்பிப் பார்த்தார். தவறு என்றது பெட்டி. மறுபடி, இன்னும் நிதானமாக. அதுவும் தவறு. மூன்றாவது தடவையும் தப்பானால் பூட்டிக்கொள்ளும்; திறக்கத் தலைமையகத்தைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் இவர் கதை முடிந்தது. பாவம், ஐம்பத்து நாலு வயது மனிதர், அழுதுவிடுவார் போல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே மெல்லிய குரலில் சொன்னார். "சார், மூணாவது எழுத்து பெருசு. ரெண்டு தடவையும் சின்னதாப் போட்டுட்டீங்க. கடைசில ஒரு நட்சத்திரம் போடுவீங்க, அதையும் விட்டுட்டீங்க."

சாவிக்காரர் நிமிர்ந்தார். எதிர்க் கட்டடத்தின் கறுத்த சுவர் ஜன்னலை ஒட்டி நின்றது. அதனால் ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம், கீபோர்டு, கட்டுப் போட்ட விரல், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. ஃபைல் அட்டை மறுபக்கத்தில், ஆளே இல்லாத நடைபாதைக்கு மறைப்பாக இருந்தது.

நட்சத்திரத்தோடு போட்டார். பெட்டி விலகியது. புரோகிராம் ஏற ஆரம்பித்தது.

"இது வேற யாருக்கும்மா தெரியும்?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "மூணு மாடிக்கும் தெரியும் சார். புதுசா யாராவது வந்தா, பாத்ரூம் எந்தப் பக்கம்னு சொல்லும்போதே இதையும் சொல்லிடுவோம்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிடறீங்க?"

"நாங்களே போட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நீங்க போட்டா உங்க தலையோட போயிடும்" என்றார் அக்கா. பிறகு என்ன நினைத்தாரோ, "நீங்க வந்தா நல்லாவும் இருக்கும் சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

மிச்சம் முப்பத்தைந்து மெஷின். ஒவ்வொரு மேஜையிலும் ஆள் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, யோக்கியமாக நின்றார். சாவிக்காரர் முகம் சிவக்கச் சிவக்க, இடது விரலால் குத்திக்கொண்டே போனார். அவமானமாகத்தான் இருந்தது. மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. மேலாளர் அசந்துபோனார். "இந்தக் கையோட முடிச்சுட்டீங்களே. பொறுப்பான ஆள் ஒருத்தர் இருக்க வேண்டியதுதான். இனிமே நீங்களே பாத்துக்கங்க. பாஸ்வேர்டு மட்டும் ரொம்பப் பழசு. இன்னிக்கே மாத்திடுங்க, யாருக்கும் தெரியக்கூடாது."

"சரிங்க மேடம்" என்றார்.

கீழே ஸ்டோர் ரூமில் அவருக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அங்கே ஜன்னலும் கிடையாது. கடவுச்சொல்லை மாற்ற அதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. படிக்கட்டில் பாதி தூரம் இறங்கினார், நின்றார், கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். பிறகு திரும்பி ஏறி, தபால் பிரிவுக்கே வந்தார்.

"கொஞ்சம் திரும்பிக்கங்கம்மா."

அக்கா திரும்பிக்கொண்டார். அவர் ஃபைல் அட்டையை எடுக்கவில்லை. புதிய சொல்லை எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு விட்டு, நிதானமாகப் போட்டார்.

"சார், நாலாவது எழுத்து சரியாத் தெரியல" என்றார் அக்கா.

"பரவாயில்லம்மா. உறுதிப்படுத்த இன்னொரு தடவை போடச் சொல்லும்."

நாற்காலியைச் சற்று ஓரமாக நகர்த்திக்கொண்டு, மறுபடியும் போட ஆரம்பித்தார்.