அண்ணன் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். வாரா வாரம் இந்தப் பத்தியை எழுதினாலும் கோர்வையாக வருவதில்லை. முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், பாதியை மறந்தும் போவேன்... பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை நானும் வீட்டுக்காரரும் மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போனோம். வழியில் செக் பொயின்ட். எல்லாரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டு அடையாள அட்டை பார்த்தார்கள். இப்போதெல்லாம் இது பழகிப்போன காரியம்தானே?

இவர் எனக்கு முன்னால் நடந்தார். இடது பக்கம் நின்ற ஆமிக்காரர் கையைத் தூக்கி நிற்கச் சொன்னார். இவர் நிற்கவில்லை. கை நீட்டினால் தொடும் தூரம்தான்... அப்படியே தாண்டிப் போகிறார்! ஆமிக்காரரின் தோளில் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்தது. நான் ஓடிப்போய் இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஊர் பார்க்க நான் புருஷன் சட்டையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் எங்களோடு வந்த திகன ஊர் முஸ்லிம் வியாபாரி, நானா ஒருவர் குறுக்கே வந்து, வயசான மனுசன், கண் பார்வை மட்டு என்று சிங்களத்தில் சொன்னார். ஆமிக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். நானா எங்கள் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி போட்டீக்கிறாரே, பொறகு எப்படித் தெரியாமப் போகும் எண்டு கேக்கிறாரு."

நியாயமான கேள்வி. ஆறு மாசமாக நானும் இவரிடம் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்?

அந்தக் கண்ணாடி இவருடைய அண்ணனுடையது. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அப்புறம், இந்தியாவுக்கு ஓடிய கப்பல் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், அண்ணன் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். போகிறவர்கள் அம்மி, ஆட்டுக்குட்டி என்று இருக்கிறவர்களுக்கு விட்டுப்போவார்கள். அண்ணன் தன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தம்பிக்கு மாட்டிவிட்டார். "நான் அங்க போய் வேற வாங்கிக்கிறேன்டா. நீ என் கடுதாசி வாசிக்கணும்ல?"

வாசித்தார். எத்தனையோ வருஷம் அதைப் போட்டுத்தான் வாசித்தார். ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று ஒவ்வொரு கடுதாசியிலும் அண்ணன் எழுதுவார். எழுத்து தெரிகிறது — அப்புறம் கண்ணுக்கு என்ன குறை? அப்படித்தான் நினைத்தோம். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வாளியைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் இடித்துக்கொள்வார். "என்னண்ணே, காலையிலேயே ஏத்திட்டீங்களா?" என்று தோட்டத்து லயன் வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். ஒரு சொட்டும் குடிக்காத மனிதர் சிரித்துக்கொண்டே போவார். கண்ணாடி பழசாகிவிட்டது, பவரைக் கூட்டினால் சரியாகும் என்று நான்தான் அன்றைக்குக் கண்டிக்கு இழுத்துப் போனேன்.

கண்ணாடிக் கடையில் கொடுத்த அட்டையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டார். கடைக்காரர் இடப் பக்கமாக ஒரு புதுக் கண்ணாடியை நீட்டினார். இவர் வாங்கவில்லை. மறுபடி நீட்டினார். பிறகு கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டு, இது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். விற்கிறவரே வேண்டாம் என்றால்...?

மறுநாள் கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இவரை எதிரே உட்காரவைத்தார்.

"ஐயா, என்ர மூக்கை மட்டும் பாருங்கோ. கை அசையுறது தெரியுதோ?"

"எந்தக் கைங்கம்மா?"

அவர் இரண்டு கைகளையும் அசைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது.

குளோக்கோமாவாம். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுமாம். வலிக்காது. நடுவில் தெரியும், ஓரம்தான் முதலில் போகும். அதனால் ஆளுக்கே தெரியாது. கண்ணாடி எழுத்தைத் தெளிவாக்கும், இந்த நோயை ஒன்றும் செய்யாது. போன பார்வை திரும்பாது; தினம் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஊரடங்கு வந்தாலும் தீராதபடி ஒரு போத்தல் கூடவே எழுதித் தந்தார்.

"அண்ணன் வரும்போது முகம் தெரிஞ்சா போதும்மா," என்றார் இவர்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "கூடப் பிறந்தவரோ? அவரையும் கெதியாக் கண்ணைக் காட்டச் சொல்லுங்கோ. இது குடும்பத்தில வாற கண் வருத்தம்."

வீட்டுக்கு வந்து கடுதாசிக் கட்டை எடுத்தேன், பதில் எழுத விலாசம் வேண்டுமே. வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அண்ணனுடைய எழுத்து வருஷத்துக்கு வருஷம் பெரிசாகிக்கொண்டே போகிறது. ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. கடைசி நான்கு கடுதாசி அண்ணன் கையெழுத்தே இல்லை. பேரன் எழுதிப் பழகுகிறான் என்று அதில் எழுதியிருந்ததை நம்பி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அண்ணன் வருவார், முகம் பார்க்கலாம் என்று இவர் நாளைக்கு இரண்டு வேளை அண்ணாந்து சொட்டு விட்டுக்கொள்கிறார். வந்தால் அவர் தம்பியின் முகத்தைப் பார்ப்பாரா? இதை நான் எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் இவர் முதலில் வாசிப்பது என் பத்தியைத்தான். அதனால் எழுதிவிட்டேன்.

நோயைப் பற்றிச் சொன்னதில் பிழை இருந்தால், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சீக்கிரம் திருத்தி அனுப்புங்கள். அண்ணனுக்கு எழுதும் கடுதாசியை இன்னும் போடவில்லை. அதில் பிழை வரக் கூடாது.