படுத்தால் கூடும் வலி

பயிற்சி மருத்துவராக எனக்கு அது இரண்டாவது வருடம். பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. ஐப்பசி மாதத்துப் பின்னேரம் ஒன்றில் தாதி ஒருவர் என்னைத் தேடி வந்து, "உன்னுடைய மொழிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், நீயே பார்க்கிறாயா?" என்று கேட்டார்.

பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள் நான். மருத்துவத்தைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். ஒரு நோயாளியிடம் தமிழில் கேள்வி கேட்கும் சந்தர்ப்பம் எப்போதாவதுதான் வாய்க்கும். வாய்த்தால் உள்ளூர ஒரு பெருமிதம் வரும். அன்றும் வந்தது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. கட்டிலில் படுக்காமல் அதன் விளிம்பில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்துக் கதிரையில் மனைவி, அவருடைய குளிர் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"வணக்கம் அங்கிள். என்ன செய்யுது?" என்றேன்.

"தமிழ்ப் பிள்ளையோ?" என்று அவர் சிரித்தார். மனைவி பெருமூச்சு விட்டு நெஞ்சில் கை வைத்தார். "முருகா! இனிப் பயமில்லை."

"முதுகு பிள்ளை. ஆறு கிழமையா நோகுது. பெட்டி தூக்கித் தூக்கி வந்ததெண்டு நினைக்கிறன்."

"எப்ப கூட நோகும்?"

"படுத்தாத்தான் கூட. கதிரையில இருந்துதான் நித்திரை கொள்ளுறன்."

"வேற ஏதும்?"

"ஒரே களைப்பு. விடாய் வேற. எவ்வளவு தண்ணி குடிச்சாலும் காணாது. கக்கூசுக்குப் போறதும் கஷ்டமாக் கிடக்கு."

குடும்ப மருத்துவர் கொடுத்த நோக்குளிசை மலச்சிக்கலை உண்டாக்கும் வகை. ஆகவே அந்தக் கேள்வி முடிந்தது. விமான நிலையத்தில் நாள் முழுக்க ஓடுகிறவருக்கு விடாய் வராமல் என்ன செய்யும்? அதுவும் முடிந்தது. கால்களைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். முழங்காலில் தட்டினேன், சரியாக உதைத்தது. இரத்தப் பரிசோதனையில் இரத்தச் சோகை கொஞ்சம் இருந்தது.

"அங்கிள் மச்சம், இறைச்சி சாப்பிடுறனீங்களோ?"

மனைவி முந்திக்கொண்டார். "இப்ப கந்தசட்டி எல்லோ. விரதம் எண்டா ஒரு நேரம்தான் சாப்பிடுவார். மற்ற நாளிலயும் மரக்கறிதான்."

நான் தலையாட்டினேன். வேறு எந்த மருத்துவராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கும். விரதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு விழவில்லை. இரத்தச் சோகைக்கு என்னிடம் விடை ஏற்கெனவே இருந்தது.

குறிப்பைப் பிரெஞ்சில் எழுதினேன். 'சுமை தூக்கும் வேலை. தசைப்பிடிப்பு. தூக்கம் குறைவு.' அவர் சொன்னது அதுவல்ல. படுத்தால் வலி கூடுகிறது, அதனால் கதிரையில் தூங்குகிறேன் என்றார். நான் அதைத் தூக்கம் குறைவு ஆக்கிவிட்டேன். எங்களுக்கு மேலிருக்கும் நிபுணரை இங்கே 'பத்ரோன்' என்பார்கள். என் பத்ரோன் திரைச்சீலையை விலக்கி, 'bonjour' என்று வணக்கம் சொல்லி, நோயாளியின் கையைக் குலுக்கினார். பிறகு என் குறிப்பை வாசித்துவிட்டு, "அவருடைய மொழியிலேயே விசாரித்திருக்கிறாய், நல்லது" என்று கையெழுத்திட்டார். மறுபடி யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தசைப்பிடிப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

ஐந்து கிழமை கழித்து அவரை அம்புலன்சில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகக் கால்கள் அசையவில்லை, சிறுநீர் போகவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கி உள்ளே ஓடும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. மைலோமா. எலும்பு மஜ்ஜையில் தொடங்கி எலும்பை அரிக்கும் புற்றுநோய். முதுகுவலி, களைப்பு, இரத்தச் சோகை, எலும்பிலிருந்து கரையும் கல்சியத்தால் வரும் விடாயும் மலச்சிக்கலும். பாடப்புத்தகத்தில் இருக்கிற அத்தனையையும் அவர் எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தார். தமிழில்.

அன்றே சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு கதிர்வீச்சு. கால்களுக்கு அசைவு திரும்பவில்லை.

நான் வார்டுக்குப் போனபோது அவர் மனைவியிடம், "பாத்தியே, அண்டைக்கு என்னைப் பாத்த டொக்டர் வந்திருக்கிறா" என்றார், உறவுக்காரி வந்ததைச் சொல்வதுபோல. அதற்கு முந்தின நாள்தான் பத்ரோன், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, நோயை முன்பே கண்டிருக்க வேண்டும் என்று அவர்களிடம் முறைப்படி சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தார். நானும் என் வாயால் சொன்னேன். "அங்கிள், அண்டைக்கு நான் பிழை விட்டிட்டன்." அவர் கையை ஆட்டினார். "விடுங்கோ பிள்ளை. விதி." நான் அழக்கூடாது என்று நின்றேன். என் அழுகையையும் அவர் தேற்ற வேண்டி வந்திருக்கும்.

கிழமைக்கொரு நாள் மதியம் எங்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். ஒருவர் ஒரு நோயாளியின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்ல, மற்றவர்கள் யோசித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய கதையை என்னைச் சொல்லச் சொன்னார்கள். அவரிடம் அனுமதி கேட்கப் போனேன்.

"சொல்லுங்கோ. படிக்கிற பிள்ளையளுக்கு உதவட்டும்" என்றார்.

முப்பது பேர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். திரையில் முதல் வரி: ஐம்பத்து நான்கு வயது ஆண், ஆறு கிழமையாக முதுகுவலி, படுத்தால் கூடும். குறிப்பில் நான் எழுதாமல் விட்ட வசனத்தை இப்போது முதல் வரியாகப் போட்டிருந்தேன். விரதத்தைப் போடவில்லை. அவர் சிரித்ததை, அவர் மனைவி நெஞ்சில் கை வைத்ததை, எனக்கு வந்த பெருமிதத்தைப் போட இடமில்லை. மூன்றாவது திரையிலேயே, படிப்புத் தொடங்கி ஒரு வருடமே ஆன மாணவி ஒருத்தி "மைலோமா?" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு விடை கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விடுவது எப்படி நடக்கிறது, அதைத் தவிர்க்க என்னென்ன கேட்கவேண்டும் என்று மீதி நேரம் பேசினோம். நல்ல வகுப்பு என்று பலர் வந்து சொன்னார்கள்.

அடுத்த நாள் அவர் கேட்டார். "என்ன மாதிரி, கண்டுபிடிச்சவையோ?"

"ஓம் அங்கிள்."

"எவ்வளவு நேரத்தில?"

பொய் சொல்ல யோசித்தேன். "அஞ்சு நிமிசம்."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "கெட்டிக்காரப் பிள்ளையள்" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி என் பின்னால் நடைபாதைக்கு வந்தார். அதுவரை அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"அண்டைக்கே கண்டிருந்தா நடந்திருப்பாரோ?"

"பெரும்பாலும் ஓம், அன்ரி."

"எங்கட பிள்ளை பாத்தவ எண்டுதான் நிம்மதியா வீட்ட போனனாங்கள். பேந்து நோ கூடேக்கயும் அவர் சொன்னவர், அந்தப் பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்குமெண்டு. வேற ஆரும் எண்டா அடுத்த கிழமையே இன்னொரு இடத்தில காட்டியிருப்பம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

பிறகு அங்கிளை லவால் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு பராமரிப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். வீட்டில் மூன்று மாடிப் படி, லிஃப்ட் இல்லை. மெட்ரோவில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டாவது தரம் அவருக்குச் சளிக்காய்ச்சல், என்னை அடையாளம் தெரியவில்லை. அடுத்த மாசியில் இறந்துபோனார் என்று பத்ரோன் சொன்னார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. போனால் அந்த அம்மா என்னை உபசரிப்பார் என்று பயந்தேன்.

இப்போது நானே ஒரு பத்ரோன். முதுகுவலி என்று வருகிற ஒவ்வொருவரிடமும், படுத்தால் எப்படி என்று கேட்கிறேன். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியால் நான் மைலோமா கண்டுபிடித்தவர்கள் ஒருவரும் இல்லை. தேவையில்லாத படங்களுக்கும் பரிசோதனைகளுக்கும் பலரை அனுப்பியிருக்கிறேன். காத்திருந்த நாட்களில் அவர்கள் பயந்ததுதான் மிச்சம்.

போன குளிர்காலத்தில் பாடசாலை பஸ் ஓட்டும் பெண் ஒருவர் தலைசுற்று என்று வந்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை. அவசரமும் இருக்கவில்லை. கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன். நடக்கவிட்டுப் பார்த்தேன், ஸ்கான் எடுத்தேன், வேறென்னவாக இருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன், சக மருத்துவர் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆபத்தாக எதுவும் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் மூளையின் அடிப்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்து, பஸ் தரிப்பிடத்திலேயே விழுந்தார். பிழைக்கவில்லை.

அவருடைய மருத்துவக் கோப்பை இரண்டு பேர் பரிசீலித்து, உங்களில் தவறில்லை என்று கடிதம் தந்தார்கள். நானும் பலமுறை படித்துப் பார்த்தேன். இந்தமுறை நான் எதை மாற்றி எழுதினேன், எங்கே கேட்காமல் விட்டேன் என்று தேடினேன். அகப்படவில்லை. மதிய வகுப்பில் அதைச் சொல்ல முடியுமா என்று மாணவர்கள் கேட்டார்கள். அதிலிருந்து படிக்க எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டேன்.