இருவாச்சிக்குப் பக்கத்தில்

பினாங்கு தாவரவியல் பூங்காவில் ஞாயிறு காலைகளில் பறவைப் படம் எடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். என் படங்களில் இலைகள் அருமையாக விழும். பறவை அதற்குள் கிளம்பியிருக்கும். ஆனாலும் அடுத்தவர் படத்தைத் திருத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அப்படித்தான் அவரிடம் போய் மாட்டினேன். வெளுத்த தொப்பி, ஜப்பான் சிலிப்பர், கழுத்தில் பழைய கேமரா. கொஞ்ச வாரமாக அதே மரத்தடியில் நின்று, ஜோடியாகவே திரியும் இருவாச்சியைத் தனியாக எடுப்பார். எல்லாப் படத்திலும் பறவை ஒரு ஓரத்தில் இருக்கும். மீதிப் பாதி வெறும் கிளை.

“அண்ணே, அந்தப் பக்கத்த கிராப் பண்ணிடுங்க. வேஸ்ட்டு” என்றேன்.

“அது இவன் பொண்டாட்டி உக்கார்ற இடம் தம்பி. போன மாசம் அந்த அடுக்குமாடி கொண்டோ கண்ணாடில மோதி செத்துப்போச்சு. இவன் இன்னும் இடம் விட்டுத்தான் லா உக்கார்றான்.”

நான் விடுவேனா? “பழைய படத்துலேர்ந்து அத வெட்டி இங்க ஒட்டிடவா அண்ணே? யாருக்கும் தெரியாது.”

“பாக்கிறவனுக்கு ஜோடியா இருக்கும். இவனுக்கு?” என்றார். பிறகு படத்தில் வெறும் கிளையைத் தொட்டுக் காட்டி, “அந்தக் கிளை நிழல்ல கிடக்கு. அத மட்டும் வெளிச்சமாக்கிக் குடு” என்றார்.

கேமரா கார்டிலிருந்து படத்தை என் போனுக்கு வாங்கி அங்கேயே திருத்திக் கொடுத்தேன். அவர் பறவையைப் பார்க்கவில்லை. கிளையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல், அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றேன்.