தையல் சுமார்

ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் அவளுக்குக் ‘கறார் மேடம்’ என்று பெயர். டெண்டர் போட வருகிறவர்கள் ஒரு டைரி நீட்டினால்கூட வாங்கமாட்டாள். சாம்பிள்களில் பெயர் இருக்கக் கூடாது, நம்பர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவளும் அவள்தான். பெயரை மறைத்தால் ஆளும் மறைந்துவிடுவான் என்பது அவள் கணக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

அந்த வருடம் வார்டுகளுக்கு இருநூறு மெத்தை வேண்டியிருந்தது. சாம்பிளுக்கு மூன்று வந்து ஸ்டோர் ரூமில் கிடந்தன. மூன்றாம் நம்பரைத் திருப்பிப் பார்த்தாள். நாலு மூலையிலும் நூல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை ஓடியிருந்தது. அவள் வீட்டு மெத்தையிலும் இதே தையல்தான். தம்பியின் பட்டறைச் சரக்கு. டெண்டர் போடப்போவதாக அவன் மூச்சுவிடவில்லை.

அப்போதே மேனேஜரிடம் போய், “இதுல என் தம்பி இருக்கான் சார், வேற யாராவது மார்க் போடட்டும்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கறார் மேடத்துக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டார்கள். மூன்றாம் நம்பரில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஒன்றாம் நம்பரில் தையலோரம் லேசாகக் கசிந்தது. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பேனாவை எடுத்ததும் யோசித்தாள். நாளைக்கு விஷயம் தெரிந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தையலுக்கு இருபதுக்குப் பன்னிரண்டு போட்டு, பக்கத்தில் ‘தையல் சுமார்’ என்று எழுதினாள். மூன்று மார்க் வித்தியாசத்தில் ஒன்றாம் நம்பர் ஜெயித்தது. தன் கை சுத்தம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள், பாவி.

இரண்டே மாதத்தில் வார்டு நர்ஸ் வந்து நின்றாள். “புது மெத்தையெல்லாம் ஓரத்துல ஊறுது மேடம். எழுந்திரிக்க முடியாதவங்களுக்கு முதுகே புண்ணாகுது.” அதைக் கேட்ட நாள் முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். தோற்றவர்களுக்கு அனுப்பும் மார்க் ஷீட் அவன் கையில் இருந்தது.

“மூணாம் நம்பர் நம்மளோடதுதான்க்கா. உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னுதான் முன்னாடி சொல்லல.”

“கோபமாடா?”

“கோபம் எதுக்கு? நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். மூலை தைக்கிறவரை இது வந்த அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திட்டேன். பதினோரு வருஷமா இருந்தவரு, அழுதுட்டுப் போனாரு. இப்போ புது ஆள். எந்த இடத்துல சுமார்னு காட்டுக்கா, சொல்லித் தரணும்.”

அவள் அந்தத் தாளை வாங்கி மடித்தாள்.

“தையல்ல ஒரு குறையும் இல்லடா.”

“அப்புறம் ஏன்க்கா அப்படி எழுதின?”

“உன்னோடதுன்னு தெரிஞ்சுபோச்சு.”